புட்டியில் அடைத்த இளமை

நிலைக்கண்ணாடியின் முன்னே நின்று, கண்ணோரத்தில் விழுந்த முதற் சுருக்கத்தைக் கண்டு சற்றேனும் மனங் கலங்காதவர் மிகச் சிலரே. இக்கலக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் பாட்டிமார் மஞ்சளையும் சந்தனத்தையும் பயற்றமாவையும் நம்பினர். அவர்களுக்குப் பின் வந்தோர் ஸ்னோவையும் பவுடரையும் நாடினர். இன்றைய பெண்களின் கைத்தொலைபேசியிலே நாள்தோறும் தோன்றும் விளம்பரங்களோ வேறொரு பெயரை ஓதுகின்றன. பெப்தைட்டு என்பதே அப்பெயர். ஆய்வுகூடத்திலே ஆக்கப்பட்ட பெப்தைட்டு இப்புட்டியில் அடங்கியுள்ளதென்றும், அது சருமத்தின் தளர்ச்சியை நீக்கி இளமையை மீட்டுத் தருமென்றும் அவை உறுதி கூறுகின்றன.

கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற பெண்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும்போது, இத்தகைய சிறு புட்டிகள் லுணுகலை, பசறை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களுக்கும் வந்து சேர்கின்றன. உயர்தர வகுப்பிலே இரசாயனம் பயிலும் மாணவியரும் இப்பெயரைப் பாடத்தில் கண்டதும், முகப்பூச்சில் இருப்பதும் இதுதானோ என வினவுகின்றனர். வினா நல்ல வினாவே. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வர்த்தமானி வாயிலாக அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுப் புட்டி ஒன்றை வாங்க அத்தகைய பல நாட்களின் உழைப்பு வேண்டும். ஆதலின் இப்பொருள் யாது, அஃது என்ன செய்யும், என்ன செய்யாது என்பவற்றைக் குடும்பத்தார் யாவரும் அறிந்துகொள்ளுதல் நன்று.

தோலின் அமைப்பு

தோல் உயிருள்ள ஓர் உறுப்பு. அதன் புறத்தே இறந்த கலங்கள், ஓடு வேய்ந்தாற் போல ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்புப் பொருள்கள் நிரப்புகின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, இவ்வடுக்கின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்களவே. இத்துணை மெல்லியதாயினும், மழைநீரை உள்ளே விடாமலும் உடலின் ஈரத்தை வெளியே விடாமலும் காத்து நிற்பது இதுவே.

மேற்றோலுக்குக் கீழே உட்டோல் அமைந்துள்ளது. அதற்கு உறுதியைக் கொடுப்பது கொலாஜன் என்னும் புரதம். ஈரத்தை நீக்கி நிறுத்துப் பார்த்தால், உட்டோலின் நிறையில் ஏறத்தாழ முக்காற் பங்கு கொலாஜனாகவே இருக்கும். கயிற்றுக் கட்டிலின் கயிறு நைந்து தளர்ந்தால் கட்டில் குழிவிழுவதை நாம் கண்டிருக்கின்றோம். அவ்வாறே வயதினாலும் வெயிலினாலும் கொலாஜன் குறைந்து சிதையுமிடத்து, தோலும் தளர்ந்து சுருக்கங் கொள்கின்றது.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

இக்கொலாஜனின் வடிவத்தைக் கண்டறிந்த பெருமையில் நமக்கு மிக அண்மையிலுள்ள சென்னை மாநகருக்கு முதன்மையான பங்குண்டு என்பதைப் பலர் அறியார். 1952 ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத்துறைத் தலைவராக ஜி. என். இராமச்சந்திரன் பொறுப்பேற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதளவே. பல்கலைக்கழகத்தின் அயலிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிடும் முறைகளை ஆராயும் அந்நிலையத்திலிருந்து, கங்காருவின் வாலிலுள்ள தசைநாரிலிருந்து பெற்ற தூய கொலாஜன் அவருக்குக் கிடைத்தது. அதனூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பெற்ற படங்களை ஆராய்ந்து, அவரும் அவருடைய துணை ஆய்வாளர் கோபிநாத் கார்த்தாவும் 1954 ஆம் ஆண்டில் நேச்சர் இதழிலே கொலாஜனின் அமைப்பை வெளியிட்டனர். மறு ஆண்டு அதனைத் திருத்தி, மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்குண்ட சுருள் என்று காட்டினர்.

பெண்கள் மூன்று புரியாகக் கூந்தல் பின்னுவதை நினைவிற் கொண்டால் இவ்வடிவம் ஓரளவு விளங்கும். ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. மூன்றுக்கு ஒன்றாக, ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசீன் அமர்ந்திருக்கின்றது. முறுக்கின் உட்புறத்திலே அதனினும் பெரிய எதற்கும் இடமில்லை. இத்துணை நுட்பமாக அமைந்த முப்புரிச் சுருளை, உட்டோலில் வாழும் கலங்கள் தாமே உள்ளிருந்து இழைத்துக் கட்டவேண்டும். வெளியே பூசுவதனால் அதனை ஆக்குதல் இயலாது. ஒரு கொலாஜன் மூலக்கூறின் நிறை ஏறத்தாழ மூன்று இலட்சம் டால்டன். ஐதரசன் அணு ஒன்றின் நிறையை ஒரு டால்டன் எனக் கொள்ளலாம். இத்துணைப் பெரிய பொருள் மேற்றோலின் ஓட்டடுக்கைக் கடந்து உட்செல்வதற்கு வழியில்லை. ஆதலின் கொலாஜன் கலந்தது என விற்கப்படும் பூச்சு, மேலே படிந்து சிறிது நேரம் ஈரங்காப்பதன்றி உட்டோலுக்குக் கொலாஜனைச் சேர்ப்பதில்லை.

பெப்தைட்டு என்பது யாது?

அமினோ அமிலங்களை மணிகள் என வைத்துக்கொள்வோம். சில மணிகளைக் கோத்த சிறு சரம் பெப்தைட்டு. நூற்றுக்கணக்கான மணிகளைக் கோத்த நீண்ட மாலை புரதம். இச்சரத்தை மனிதர் கையாற் கோக்கும் வித்தையைத் தொடக்கி வைத்தவர் ஜேர்மனிய இரசாயன அறிஞர் எமில் பிஷர். 1901 ஆம் ஆண்டிலே அவர் இரண்டு கிளைசீன்களை ஒன்றாக இணைத்துக் காட்டினார். 1953 ஆம் ஆண்டில் அமெரிக்கரான வின்சென்ட் டு விக்னியோ, ஒன்பது அமினோ அமிலங்களாலான ஒக்சிடோசினை ஆய்வுகூடத்தில் ஆக்கினார். பிரசவ விடுதிகளில் இன்றும் தாய்மாருக்கு உதவும் மருந்து அதுவே. அதன்பொருட்டு 1955 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்காலத்தில் ஒவ்வொரு மணியைக் கோத்தபின்னும் பொருளைத் தூய்மை செய்து பிரித்தெடுக்க நெடுநாள் சென்றது. 1963 ஆம் ஆண்டிலே புரூஸ் மெரிபீல்ட் என்பார் புதுவழி கண்டார். நுண்ணிய பிசின் உருண்டைகளிலே முதல் அமினோ அமிலத்தை ஒட்டவைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்து, இடையிடையே கழுவி, இறுதியிலே சரத்தை அறுத்தெடுக்கும் முறை அது. 1984 இல் இவரும் நோபல் பரிசு பெற்றார். மெரிபீல்ட் தம் முறையை வெளியிட்ட அதே 1963 ஆம் ஆண்டிலே, சென்னையிலிருந்து இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும், பெப்தைட்டுச் சரம் எவ்வெக் கோணங்களில் வளைய இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டனர். உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் அது இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயராலேயே கற்பிக்கப்படுகின்றது. மருந்தாயினும் முகப்பூச்சாயினும், இன்றைய செயற்கைப் பெப்தைட்டுகள் இவ்வறிஞர்கள் இட்ட அத்திவாரத்தின்மேல் எழுந்தவையே.

செங்கல்லன்று, செய்தி

அவ்வாறாயின் முகப்பூச்சிலே பெப்தைட்டுக்கு வேலை யாது? அமெரிக்காவின் ரெனசிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1993 ஆம் ஆண்டிலே ஓர் உண்மையை வெளியிட்டனர். கொலாஜனின் முன்னோடிப் புரதத்திலுள்ள ஐந்து அமினோ அமிலங்களாலான ஒரு துணுக்கை, கண்ணாடிக் கலத்தில் வளர்த்த தோற்கலங்களுக்கு அளித்தபோது, அவை முன்னையிலும் மிகுதியாகக் கொலாஜனை ஆக்கின. முற்றத்தில் விழுந்து கிடக்கும் ஓட்டுத்துண்டைக் கண்டு கூரை பழுதென்று கொத்தனார் விரைந்து வருவதைப் போன்றது இச்செயல். அத்துணுக்கு கட்டடத்துக்குச் செங்கல் ஆவதில்லை. கட்டுவோருக்குச் செய்தி சொல்லும் தூதாகவே அது பயன்படுகின்றது.

இத்தூதை உட்டோலுக்கு அனுப்புவது எங்ஙனம் என்பதே அடுத்த சிக்கல். நீரில் எளிதிற் கரையும் அத்துணுக்கு, கொழுப்பு நிறைந்த மேற்றோலை ஊடுருவாது. ஆதலின் செடெர்மா என்னும் பிரெஞ்சு நிறுவனத்தார், பாம் எண்ணெயில் மிகுதியாக உள்ள பால்மிற்றிக்கமிலத்தை அதன் ஒரு முனையில் இணைத்தனர். மட்ரிக்சில் என்ற வணிகப் பெயரால் விற்கப்படுவது அதுவே. புட்டியின் அட்டையிலே பால்மிற்றோயில் பென்டாபெப்தைட்டு-4 என்று காணப்படும்.

வேறு பெப்தைட்டுகளும் உள. மனிதக் குருதியில் லோரன் பிக்கார்ட் என்பார் 1973 இல் கண்ட, செம்பைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் மூன்றமிலச் சரம் ஒன்று. பார்சலோனா நகரத்து நிறுவனம் ஒன்று ஆக்கிய, நரம்பு தசைக்கு இடும் கட்டளையைத் தணிக்க முயலும் ஆறமிலச் சரம் மற்றொன்று. ஆர்ஜிரலின் என்பது அதன் விற்பனைப் பெயர்.

இவை உண்மையிற் பயன் தருகின்றனவா? ஐந்தமிலப் பெப்தைட்டைப் பற்றிய குறிப்பிடத்தக்க சோதனை 2005 இல் வெளியாயிற்று. 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 93 பெண்கள், முகத்தின் ஒரு பாதியிலே பெப்தைட்டுக் கலந்த பூச்சையும், மறு பாதியிலே அது கலவாத அதே பூச்சையும் 12 வாரங்கள் பூசினர். எப்பக்கத்தில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெப்தைட்டுப் பூசிய பக்கத்திலே நுண்ணிய கோடுகளும் சுருக்கங்களும் சற்றுக் குறைந்திருக்கக் காணப்பட்டன. இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் சோதனையை நடத்தியவர்கள் இப்பெப்தைட்டுக் கலந்த பூச்சுகளை விற்கும் புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும், சோதிக்கப்பட்டோர் யாவரும் வெள்ளைத் தோலினர் என்பதையும், கண்ட மாற்றம் சிறிது என்பதையும் நாம் மறத்தலாகாது. விளம்பரத்திலே இச்சிறு மாற்றம் பேரழகாகிவிடுகின்றது.

கடக்க வேண்டிய வாயில்

நீரிழிவு நோயாளர் உள்ள வீடுகளில் இன்சுலினை அறியாதார் இல்லை. இன்சுலினும் 51 அமினோ அமிலங்களாலான, இரு சரங்கள் இணைந்த பொருளே. அதை ஏன் ஊசியாற் செலுத்துகின்றனர்? விழுங்கினால் வயிறும் குடலும் அதனைச் செரித்துச் சிதைத்துவிடும். தோலிற் பூசினாலோ அஃது உட்புகாது. அதன் நிறை ஏறத்தாழ 5800 டால்டன். 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் நலமான தோலைக் கடப்பது அரிது என 2000 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மேற்கூறிய ஐந்தமிலப் பெப்தைட்டு, பால்மிற்றிக்கமிலத்தோடு சேர்ந்து 800 டால்டன் ஆகின்றது. எனவே பூசியதில் மிகச் சிறு பங்கே உட்டோலை எட்டுதல் கூடும். பாட்டியின் இன்சுலினைப் பற்றித் தெரிந்த பேத்தி, புட்டியைப் பற்றியும் அதே வினாவை எழுப்புதல் வேண்டும்: இப்பொருள் உள்ளே செல்லும் வழி யாது?

அட்டை கூறும் உண்மை

புட்டியின் அட்டையை வாசிக்கப் பழகுதல் மிகுந்த பயன் தரும். மேனாட்டுச் சட்டங்களின்படி, மிகுதியாகச் சேர்ந்த பொருளின் பெயர் முதலிலும் குறைந்தது பின்னரும் எழுதப்படல் வேண்டும். நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தவற்றை இறுதியில் எவ்வரிசையிலும் எழுதலாம். பெரும்பாலான பூச்சுகளில் முதலில் நிற்பது நீர். அதனை அடுத்து கிளிசரின், எண்ணெய் வகைகள். பெப்தைட்டோ கடைசி வரிகளில் ஒளிந்திருக்கும்.

2005 ஆம் ஆண்டுச் சோதனையிலே சேர்க்கப்பட்ட பெப்தைட்டின் அளவு பத்து இலட்சத்தில் மூன்று பங்கு. கணக்குப் பார்த்தால், 50 கிராம் பூச்சிலே 0.15 மில்லிகிராம் வரும். அது சீனிப் பரல் ஒன்றின் நிறையிலும் குறைவு. தூதுச் செய்திக்குச் சிற்றளவே போதும் என்பது உண்மைதான். ஆனால் பூசிய மறுகணமே முகம் மென்மையாகவும் நிறைவாகவும் தோன்றுகின்றதே, அது கிளிசரினும் எண்ணெயும் செய்த வேலை. ஈரத்தைப் பிடித்துவைத்தால் தோல் சற்று உப்பி நுண்கோடுகள் மறையும். அவ்விரண்டும் மலிவான பூச்சிலும் உண்டு.

பெப்தைட்டுக்கு அழகுசாதனப் பட்டியல்களில் இடப்பட்டுள்ள தொழிற்பெயரும் கவனிக்கத்தக்கது. சருமத்தைப் பதப்படுத்தும் பொருள் என்றே அஃது அங்கே குறிக்கப்படுகின்றது. அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடலின் அமைப்பை மாற்றுவதாகக் கூறி விற்கும் பொருள் மருந்தாகக் கருதப்படும். மருந்தெனில் கடுஞ் சோதனைகளில் தேறுதல் வேண்டும். ஆகவே விற்பனையாளர் பலரும் சுருக்கம் நீங்கும் என்னாது, சுருக்கத்தின் தோற்றம் குறையும் என்று எழுதித் தப்பிக்கொள்கின்றனர். தோற்றம் என்னும் அச்சிறு சொல்லிலே வணிகத்தின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியுள்ளது.

கச்சானும் கதிரவனும்

ஊவா மலைநாட்டார்க்குத் தோலைப் பற்றிய சிந்தனை சற்று வேறாகவே அமைதல் வேண்டும். ஆனி முதற் புரட்டாதி வரை, தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலே மழையைப் பொழிந்துவிட்டு, மலை கடந்து இப்பக்கம் வறள்காற்றாக இறங்குகின்றது. கச்சான் என நாம் அழைப்பது இதனையே. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த நறுமணத்துக்கு இக்காற்றும் ஒரு காரணம். கொழுந்தின் ஈரத்தை வாட்டும் அதே காற்று, கொழுந்து பறிப்பவளின் உதட்டையும் கைகளையும் வெடிக்கச் செய்கின்றது.

காற்றினும் கொடியது வெயில். கதிரவனின் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் உட்டோல் வரை சென்று, கொலாஜனை அறுக்கும் நொதியங்களைத் தூண்டிவிடுகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் இக்கதிர்களின் வலிமை நூற்றுக்குப் பத்தளவு கூடுகின்றது. மலையின் குளிரிலே வெயில் உறைப்பதில்லையாதலின், நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

இதற்கு மாற்று உண்டா? ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரிலே 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2013 இல் முடிவு வெளியிட்டனர். நாள்தோறும் வெயிற்காப்புப் பூச்சைத் தவறாது பூசியவர்களிடத்தே, விரும்பியபோது மட்டும் பூசியவர்களைக் காட்டிலும் தோலின் முதுமை 24 சதவீதம் குறைந்து காணப்பட்டது. எனவே பணமும் மனமும் உள்ளவர் முதலில் வாங்கவேண்டியது அப்பூச்சே. அதற்கும் வசதியில்லாதார் வருந்தவேண்டா. தலையையும் கழுத்தையும் முகத்தின் இருபுறத்தையும் மறைத்துக் கட்டும் துணியும், முழங்கையைக் கடந்த கைச்சட்டையும் மலையில் நிற்பவளுக்கு நல்ல காப்பாகும். கூடைக் கயிற்றின்கீழ்த் துணி கட்டும் நம் பெண்களின் வழக்கத்தை, முகத்துக்கும் சற்று நிழல் விழுமாறு முன்னே இழுத்துக் கட்டினால் போதும்.

வறட்சிக்குத் தேங்காயெண்ணெய் தக்கது. வறண்ட தோலினர் 34 பேரிடம் பிலிப்பீன்ஸ் நாட்டிலே நிகழ்த்திய சோதனை ஒன்றில், அது மினரல் எண்ணெய்க்கு இணையாகப் பயனளித்ததென 2004 இல் அறிவித்தனர். வசலீன் எனப் பலரும் அழைக்கும் பெற்றோலியம் ஜெலியும் அவ்வாறே. குளித்து ஈரம் முற்றும் உலரும் முன் பூசுதல் நலம்.

உள்ளிருந்து கட்டும் கலங்களுக்கு உணவும் வேண்டும். உயிர்ச்சத்து சி இன்றேல் முப்புரிச் சுருள் உறுதியாக முறுக்குண்ணாது. அச்சத்து அறவே அற்றால் பல்லீறு கசியும் ஸ்கேவி நோய் தோன்றும். கொய்யா, நெல்லி, தோடை ஆகியன ஊவாவிற்கு அரியனவல்ல. பருப்பு, முட்டை, நெத்தலி முதலியன அமினோ அமிலங்களை வழங்கும்.

தீண்டத் தகாத புட்டிகள்

நல்ல நிறுவனத்தார் ஆக்கிய பெப்தைட்டுப் பூச்சினால் பெரும்பாலும் நேரும் இழப்பு பணமே. ஆனால் அதே கடையிலே, அதே தட்டிலே, உடலுக்கே ஊறு செய்யும் பொருள்களும் இருக்கின்றன. சில நாட்களில் முகத்தை வெளுப்பாக்குவதாகக் கூறி விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் கலந்துள்ளது. அது தோலினூடே உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். கருவிலுள்ள சிசுவையும் தாக்கும். இலங்கையும் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2025 ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென 2023 இல் தீர்மானித்தன. தீர்மானம் நிறைவேறியதனால் கள்ளச் சரக்கு ஒழிந்துவிடாது.

பெற்றாமெதசோன், குளோபெற்றாசோல் போன்ற ஸ்ரெரொயிட் மருந்துகளை இரகசியமாகக் கலந்த களிம்புகளும் உள. இவை முதற் சில வாரங்களில் முகத்தைப் பளபளப்பாக்கும். பின்னரோ தோல் மெலிந்து, குருதிக் குழாய்கள் சிவந்து தெரியும். தோற்கலங்கள் கொலாஜன் ஆக்குவதை இம்மருந்துகள் தடுத்துவிடுவதே அதற்குக் காரணம். இளமை தேடிச் சென்றவள் முதுமையை விலைக்கு வாங்கிய கதையாக இது முடியும். ஆகவே ஆக்கியோர் பெயரும் முகவரியும் சேர்மானங்களும் எழுதப்படாத புட்டி எதுவாயினும், எவர் கொடுத்தாயினும், அதனை முகத்தருகே கொண்டுசெல்லுதல் ஆகாது. ஏற்கனவே பூசிவருவோர் வைத்தியரிடம் புட்டியோடு சென்று காட்டுதல் வேண்டும்.

முடிவு

இரண்டு கிளைசீன்களை இணைத்த நாள் தொடக்கம், மனிதன் சரங் கோக்கும் வித்தையிலே அடைந்த முன்னேற்றம் வியக்கத்தக்கதே. பெப்தைட்டை ஏமாற்று என்று தள்ளிவிடுதல் அறியாமை. அமுதமென்று கொள்ளுதலும் அறியாமையே. நிழல் முதலாவது, ஈரம் இரண்டாவது, உணவு மூன்றாவது. இவை மூன்றும் அமைந்தபின் கையிலே பணம் மிஞ்சினால், விரும்பியவர் பெப்தைட்டுப் புட்டியை வாங்கிக்கொள்ளட்டும். இவற்றுள் ஒன்றைக் குறைத்தோ, பிள்ளையின் புத்தகச் செலவைப் பின்னிட்டோ வாங்குதல் முறையன்று.

வெயிலிலும் காற்றிலும் நின்று குடும்பத்தைக் காத்த தாயின் முகத்திலே விழுந்த கோடுகள் நோயுமல்ல, குறையுமல்ல. அவளுக்கு அன்புடன் ஏதேனும் வாங்கிக் கொடுக்க விரும்பும் மகள், வெயிலை மறைக்கும் நல்ல துணி ஒன்றையும், வெடித்த கைக்குப் பூச ஒரு டப்பி வசலீனையும் வாங்கி வருவாளாயின், அதனால் உறுதியான பயன் கிட்டும்.